மாற்றுச் சம்பந்தமும் ஜனாதிபதியின் கையெழுத்தும்

எங்கள் அலுவலகத்தில் இப்போது யாரும் காலை வணக்கம் சொல்வதில்லை. கதவைத் திறந்து உள்ளே போனால் முதலாளி கெவின் கதிரையில் இருந்தபடியே, நேற்று ஏதாவது கையெழுத்துப் போட்டாரா என்று கேட்கிறார். யார் போட்டார், எதில் போட்டார் என்ற விளக்கம் தேவையில்லை. நான் குளிர் அங்கியைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பே கைத்தொலைபேசியைப் பார்த்து, இல்லை, இன்றைக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் அவர் கோப்பியைக் குடிக்கிறார். ஏதாவது இருந்தால் கோப்பி ஆறிப்போகிறது. முன்பெல்லாம் இதே மனிதர் காலையில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கப்பல் எங்கே நிற்கிறது என்பார். கப்பலைப் பற்றிய கவலை எனக்குப் பழகிய கவலை. கடலுக்கு நடுவில் பிறந்தவளுக்குக் கப்பல் பிந்துவதும் வள்ளம் வராமல் விடுவதும் புதினமில்லை. ஒரு மனிதருடைய பேனையைப் பார்த்துக்கொண்டு ஒரு நாளைத் தொடங்குவதுதான் இந்த நாட்டில் எனக்குப் புதிது.

பால்ட்டிமோர் என்ற இந்தத் துறைமுக நகரத்தில் நான் ஏறக்குறைய இருபது வருடமாக இருக்கிறேன். எங்கள் நிறுவனம் நண்டுச் சதை இறக்குமதி செய்கிறது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நண்டு என்றால் உயிர். நண்டுக் கேக் என்று ஒன்று செய்வார்கள். இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கட்லெட்டுக்குக் காசு வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். தங்கள் குடாவில் பிடித்த நண்டைத்தான் சாப்பிடுகிறோம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உணவகத்துச் சுவரில் கலங்கரை விளக்கத்தின் படம் தொங்கும். தட்டில் இருப்பது எங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்தில், எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் வலையில் பட்ட நீலக்கால் நண்டாக இருக்கும். பக்கத்து மேசையில் இருக்கும் எனக்கு எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும் போல வரும். சொல்ல மாட்டேன். அவர்கள் சந்தோசமாகச் சாப்பிடுகிறார்கள், அது போதும் என்று இருந்துவிடுவேன்.

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குக் கிட்ட என் அண்ணைக்கு ஒரு வாடி, கடற்கரைக் கொட்டில், இருக்கிறது. இருந்தது என்று எழுதவேண்டும். கை இன்னும் பழைய பழக்கத்தில் ஓடுகிறது. விடிய வள்ளங்களில் வரும் நண்டை வாங்கி, அவித்து, பதினைந்து பெண்கள் வரிசையாக இருந்து சதை எடுப்பார்கள். அது யாழ்ப்பாணத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போய், தகரத்தில் அடைபட்டு, கப்பலேறி, கடைசியில் என்னுடைய மேசைக்கு மாதிரிக்காக வரும். தகரத்தின் அடியில் அச்சடித்திருக்கும் எழுத்துகளில் எந்த வாடியில் எந்த நாளில் எடுத்த சதை என்பது இருக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு இலக்கம். எனக்கு அது அண்ணையிடம் இருந்து வந்த கடிதம். இந்த நாளில் கச்சான் காற்று அடித்திருக்கும், வள்ளங்கள் பிந்தி வந்திருக்கும், பெண்கள் பின்னேரப் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார்கள் என்று நானாக ஒவ்வொன்றாக வாசிப்பேன். தகரத்தைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். சதையை முகர்ந்து பார்த்துத் தரம் சொல்வது என் வேலையில் ஒரு பங்கு என்றபடியால் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. என் ஊரை முகர்வதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

பிறகு அந்த நாள் வந்தது. ஜனாதிபதி தன் மாளிகைத் தோட்டத்தில் ஒரு பெரிய பலகையைத் தூக்கிக் காட்டினார். நாடுகளின் பெயர்களும் பக்கத்தில் வரியும். பரஸ்பரத் தீர்வை என்று அதற்குப் பெயர். நீ எங்களுக்குச் செய்வதை நாங்கள் உனக்குச் செய்வோம் என்பது கருத்து. கெவினும் நானும் எங்களோடு வேலைசெய்யும் டோனாவும் ஒரு தொலைபேசியைச் சுற்றி நின்று பார்த்தோம். இலங்கையின் பெயர் பலகையின் அடிப்பக்கத்தில் இருந்தது. என் நாட்டின் பெயரை இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் சுனாமி, யுத்தம், குண்டுவெடிப்பு என்று வந்த நாட்களில்தான் அதற்கு முன் பார்த்திருக்கிறேன். டோனா நல்ல மனுசி. என் பிள்ளை காய்ச்சலாகக் கிடந்தபோது சூப் கொண்டுவந்து தந்தவர். அவர் என் தோளில் தட்டி, வருத்தப்படாதே, உன் நாட்டுக்காரர் இவ்வளவு காலமும் கட்டாததை இனிக் கட்டப்போகிறார்கள், அவ்வளவுதான் என்றார். நான் சொன்னேன், டோனா, துறைமுகத்தில் அந்த வரியைக் கட்டப்போவது நாங்கள்தான், சுங்கப் பத்திரத்தை நிரப்புகிறவளே நான்தான் என்று. இல்லை இல்லை, அவர்கள் கட்டுவார்கள், அவர் அப்படித்தான் சொன்னார் என்றார் டோனா. நான் என் நாட்டுக்காக வாதாடுகிறேன் என்று அவர் நினைத்தார். நானோ எங்கள் இருவருடைய சம்பளத்துக்காகத்தான் வாதாடினேன்.

கெவின் அவ்வளவு பயப்படவில்லை. தீர்வை விதிக்கும் அதிகாரம் காங்கிரசுக்குத்தான் இருக்கிறது, அவசரகாலச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு தனி மனிதர் இப்படியெல்லாம் செய்ய முடியாது, நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்றார். வழக்கும் போட்டார்கள்தான். எனக்கு அவருடைய நம்பிக்கையைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நிறைவேற்று அதிகாரம் என்றால் என்னவென்று சட்டப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்ல நாங்கள். அவசரகாலச் சட்டம் மாதாமாதம் புதுப்பிக்கப்படுவதைச் சம்பளம் வருவதைப்போலக் கேட்டு வளர்ந்தவர்கள். கொழும்பில் ஒருவர் கையெழுத்து வைத்தால் எங்கள் சங்கக்கடையில் ஒரு சாமான் இல்லாமல் போகும்.

அதைக் கெவினுக்குச் சொல்லிப் பார்த்தேன். நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தது, பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சவர்க்காரம்கூடத் தட்டுப்பாடு என்றேன். சவர்க்காரமா என்று சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார். அப்போது எதால் உடுப்புத் தோய்த்தீர்கள் என்று கேட்டார். பனம்பழத்தைப் பிசைந்து, அந்தக் களியால் தோய்த்தோம், உடுப்பெல்லாம் பழ வாசம் அடிக்கும், தெருவில் போனால் மாடு பின்னால் வரும் என்று சொன்னேன். கெவின் நிமிர்ந்து உட்கார்ந்தார். இயற்கைச் சவர்க்காரம், இங்கே அதற்குப் பெரிய சந்தை இருக்கிறது, இறக்குமதி செய்யலாமா என்று கேட்டார். அதற்கும் தீர்வை இருக்கும் என்றேன்.

இந்த இடத்தில் என் கலியாணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. எங்களுடையது மாற்றுச் சம்பந்தம். என் புருசனுடைய தங்கை மலரை என் அண்ணை கலியாணம் செய்தார், மலரின் தமையன் சிவபாலன், அதாவது இவர், என்னைச் செய்தார். ஒரே மாதத்தில் இரண்டு கலியாணமும். யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்குப் போவது. ஆகவே அண்ணை எங்கள் ஊரான சரவணையில் இருந்து ஊர்காவற்றுறைக்குப் போனார், இவர் ஊர்காவற்றுறையில் இருந்து சரவணைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு வீடும் ஒன்றுக்கொன்று மகனைக் கொடுத்து மகனை வாங்கிக்கொண்டன. இங்கே என்ன நடக்கிறதோ அதுதான் அங்கேயும் நடக்கும் என்பது யாரும் எழுதிவைக்காத ஒப்பந்தம். என் அம்மா ஒருநாள் ஏதோ கோபத்தில் இவருடைய சோற்றுக் கோப்பையில் நண்டின் கால்களை மட்டும் வைத்தார். இவர் அதைத் தாய்வீட்டில் போய்ப் பகிடியாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் அங்கே என் அண்ணைக்குச் சோறும் சொதியும் மட்டும். அதைக் கேள்விப்பட்ட அம்மா இவர் வழக்கமாக இருக்கும் சாய்மனைக் கதிரையை அறைக்குள் தூக்கிப் போட்டார். அங்கே அண்ணையின் தலையணை மெலிந்தது. இப்படி ஒன்றரை மாதம். பாவம், இரண்டு ஆம்பிளையளும் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் களவாக வடை சாப்பிடப் போய், அங்கே ஒருவரையொருவர் கண்டு, வாயில் வடையோடு நின்றார்களாம்.

அந்தச் சண்டை முடிந்த விதத்தையும் சொல்கிறேன். ஒருநாள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த பஸ்ஸில் ஒரேயொரு ஆசனந்தான் மிச்சம் இருந்தது, இரண்டு மாமிமாரும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். பண்ணைப் பாலம் தாண்டும்வரை பேச்சில்லை. அல்லைப்பிட்டியில் ஒருவர் மற்றவருடைய பையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். இறங்கும்போது சண்டை முடிந்துவிட்டது. எந்தப் பக்கம் முதலில் விட்டுக்கொடுத்தது என்பதை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு முழுக்க நானும் மலரும் தனித்தனியாக எங்கள் எங்கள் குசினியில் நின்று சிரித்திருக்கிறோம்.

பிறகு இவருக்கு அமெரிக்க விசா லொத்தர் விழுந்தது. மாற்றுச் சம்பந்தத்தில் அதற்கு மாற்று இல்லை. நாங்கள் இரண்டு பேரும் விமானம் ஏறினோம், அவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். அதற்குப் பிறகு வந்த யுத்தத்தின் கடைசி வருடங்களை அவர்கள்தான் அங்கே இருந்து பார்த்தார்கள். என் அம்மாவையும் அப்பாவையும் கடைசி நாட்களில் தூக்கிக் கிடத்தி, தலை இழுத்துவிட்டு, வாயில் பால் விட்டது மலர். என் கையால் செய்யவேண்டியதை அவள் செய்தாள். ஒருநாளும் அதை எடுத்துச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். யுத்தம் முடிந்து நண்டு வியாபாரம் தலையெடுத்தபோது நான்தான் கெவினிடம் எங்கள் கடலைப் பற்றிச் சொன்னேன். அந்தத் தொழிற்சாலையோடு அவரைத் தொடர்புபடுத்தினேன். அண்ணையின் வாடி அப்படித்தான் பெருத்தது. நான் அவர்களுக்காகச் செய்த ஒரேயொரு காரியம் அது. அதனால்தான் அந்த வாடி எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சொல்ல மனம் வராமல் இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன். கடந்த தேர்தலில் இவர் இப்போதைய ஜனாதிபதிக்குத்தான் வாக்குப் போட்டார். இவர் ஒரு பெற்றோல் நிலையத்தில் கடையைப் பார்க்கிறார். பால் விலையும் முட்டை விலையும் ஏற ஏற வாடிக்கையாளர்களின் ஏச்சை நாள்முழுக்கக் கேட்கிறவர். இந்த மனிதர் வந்தால் விலை குறையும் என்று நம்பினார். நம்பியதில் நான் குற்றம் காணவில்லை. நம்பாமல் யார்தான் வாக்குப் போடுகிறார்கள்? நான் மற்றவருக்குப் போட்டேன். ஒரே காரில் போய், ஒரே வரிசையில் ஒன்றரை மணித்தியாலம் நின்று, ஒருவர் போட்டதை மற்றவர் அழித்துவிட்டு வந்தோம். வரும் வழியில் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு கோப்பி வாங்கிக் குடித்தோம். அதற்குப் பிறகு ரொறன்ரோவில் ஒரு கலியாண வீட்டில் இவர் அதைப் பகிடியாகச் சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு வாக்கு அவருக்கு, ஒரு வாக்கு மற்றவருக்கு, நாங்கள் மாற்றுச் சம்பந்தக்காரர் அல்லவா என்று. யாருடைய வாக்கு யாருக்கு என்று சொல்லவில்லை. மேசை முழுக்கச் சிரித்தது. ரொறன்ரோவில் ஒரு மேசையில் சொன்னது ஊர்காவற்றுறைக்குப் போக எந்தக் கப்பலும் தேவையில்லை என்பது என்னைப்போல வெளியில் கிடக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

பலகை காட்டிய பிறகு கொஞ்சக் காலம் தள்ளிவைத்தார்கள். பிறகு எங்கள் நாட்டுக்குக் கொஞ்சம் குறைத்து ஒரு கடிதம் போனது. பிறகு இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் கெவினின் கோப்பி ஆறியது. கடைசியில் ஒரு காலை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார், அது அவர் வழக்கமில்லை. தொழிற்சாலை விலையைக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் தீர்வை குறைந்த வேறொரு நாட்டில் சதை வாங்கப் போகிறேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை என்றார். வழக்கு முடியும்வரை பொறுக்க முடியாதா என்று கேட்டேன். நீதிமன்றம் நல்ல தீர்ப்புச் சொல்லும்போது நான் கடையை மூடியிருப்பேன் என்றார். பிறகு குரலைத் தணித்து, இதை நீயே எழுது, உன் ஆட்கள், உன் மூலம் போனால் அவர்களுக்கு அவ்வளவு நோகாது என்றார். அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். எங்கள் பக்கத்தில் கெட்ட செய்தியைச் சொந்தக்காரரிடம் சொந்தக்காரர் சொன்னால்தான் அதிகம் நோகும் என்பதை அவருக்கு எந்த மொழியில் சொல்வது?

தொழிற்சாலைக்கு எழுதினேன். அவர்கள் வாடிகளுக்குக் கொடுக்கும் விலையைக் குறைப்பதாகப் பதில் போட்டார்கள். வேறெங்கே குறைப்பார்கள்? அவர்களுடைய ஆள் போய்ச் சொல்வதற்கு முன் நானே அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே பின்னேரம். வாடியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நான் சொல்லி முடித்ததும் அண்ணை கேட்டார்.

"உங்கட ஜனாதிபதிக்கு எங்களோட என்ன பிள்ளை கோவம்? நாங்கள் அவையிட்ட என்ன வாங்காமல் விட்டனாங்கள்?"

நாங்கள் அவர்களுக்கு விற்கிற அளவுக்கு அவர்களிடம் வாங்கவில்லை, அதுதான் கணக்கு, அதைத்தான் பரஸ்பரம் என்கிறார்கள் என்று விளங்கப்படுத்தினேன். அண்ணை தன்னுடைய வாடியில் அமெரிக்கச் சாமான் ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்திருக்கவேண்டும். பிறகு சிரித்தார்.

"அப்ப இது மாத்துச் சம்பந்தம் எண்டுறாய். அதுக்கும் ரெண்டு பக்கமும் வந்திருந்து கதைச்செல்லோ செய்யவேணும்."

நானும் சிரித்தேன். சிரித்து முடிந்தபோது அழுகையாக இருந்தது. என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். நண்டின் விலையைக் குறைத்தால் எழுவைதீவு ஆட்கள் வேறு இடத்துக்குக் கொண்டுபோவார்கள், அது நியாயந்தான் என்றார். அப்படியென்றால் மிஞ்சுவது பெண்களின் கூலி.

"சதை எடுக்கிற பிள்ளையளின்ர கூலியில கை வைக்க எனக்கு ஏலாது. பூட்டிறதெண்டால் பூட்டுவம். மலருக்கு இப்ப ஒண்டும் சொல்லிப்போடாதை, நான் ஆறுதலாச் சொல்லுறன்."

அவர் ஆறுதலாகச் சொல்வதற்கு முன்பே மலருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டு வாசலால் போகும் பெண்கள் ஒருநாள் போகாவிட்டால் தெரியாமல் இருக்குமா? அண்ணை வாடியைப் பூட்டினார்; அந்த விலைக்குச் சதை கிடைக்காமல் தொழிற்சாலையும் கைவிரிக்க, கெவின் வேறு நாட்டுச் சதைக்கு மாறினார். அண்ணை இப்போது காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் ஒரு இரும்புக் கடையில் நிற்கிறார். ஐம்பத்தேழு வயதில் இன்னொருவருடைய கடையில் கம்பி நிறுக்கிறார். அதைச் சொல்லும்போது பஸ்ஸில் நல்ல காற்று என்றார். எனக்குத் தெரிந்து அந்தப் பஸ்ஸில் நிற்கவே இடம் இருக்காது.

மலர் தொலைபேசி எடுப்பதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தமையனுக்கு எடுப்பது இந்த வீட்டில் பூசை போல. இருபது வருடம் தவறியதில்லை. முதலில் காசு கொடுத்து அட்டை வாங்கிப் பேசினார்கள், பிறகு வட்ஸ்அப். எட்டு ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை. இவர் அந்த நேரத்தில் குசினிக்குள் போய் ஏதாவது கழுவுவார். கழுவின கோப்பையையே திரும்பக் கழுவுவார். நீங்கள் எடுங்கோவன் என்று சொன்னேன். எடுத்து என்னத்தைச் சொல்லுறது என்றார். வாடி பூட்டிய பிறகு வாக்கைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைத்ததேயில்லை. எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. சில நாட்கள் சோறு போடும்போது அந்தப் பழைய நண்டுக் கால் ஞாபகம் வரும், கை அந்தப் பக்கம் போகும். ஆனால் இவர் மெலிந்துகொண்டு வந்தார். கடையில் நின்று வந்து, தொலைக்காட்சியைப் போடாமல், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருக்கிற மனிதனிடம் எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது?

புது நாட்டுச் சதையின் மாதிரித் தகரங்கள் வரத் தொடங்கின. நல்ல சதை. நான் பொய் சொல்லமாட்டேன், எங்களுடையதை விட வெள்ளை. முகர்ந்து பார்த்து நல்லது என்று எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். கண்ணை மூடுவதில்லை. அடியில் இருக்கும் எழுத்துகள் இப்போது எனக்கும் ஒரு இலக்கந்தான். அங்கேயும் யாரோ ஒருத்தியின் அண்ணை இருப்பார், யாரோ பதினைந்து பெண்கள் இருப்பார்கள், நல்லாயிருக்கட்டும். ஆனாலும் எனக்கு என் ஊரின் மீது வந்த ஆசை அதற்குப் பிறகுதான் நோயாக மாறியது. வருடக்கணக்காகப் போகாமல் இருந்தபோதும் தாங்கக்கூடியதாக இருந்ததற்குக் காரணம் அது மாதம் ஒருமுறை என்னிடம் வந்துகொண்டிருந்ததுதான் என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியவில்லை.

ஒன்பதாவது ஞாயிறு தொலைபேசி அடித்தது. இவருடைய தொலைபேசி அல்ல, என்னுடையது. மலரின் படம். இவர் குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். சுகம் விசாரித்தாள், பிள்ளைகளைக் கேட்டாள். சரவணை வீட்டுக்குப் போய்க் கூட்டினேன், கூரையில் இரண்டு ஓடு மாற்றவேண்டும் என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு கேட்டாள்.

"மச்சாள், உம்மட்ட ஒண்டு கேக்கவேணும். உங்கட வீட்டில ஒரு வோட்டு அந்த ஜனாதிபதிக்குப் போனதெண்டு ரொறன்ரோவால சொல்லிச்சினம். ஆர் அது, என்ர அண்ணையோ?"

எங்கள் ஊரில் வாக்குச் சாவடிக்கு நடந்துபோய், மைபூசின விரலோடு வந்து, யாருக்குப் போட்டோம் என்று வீட்டுக்குள்ளேகூடச் சொல்லாமல் வாழ்ந்தவர்கள் நாங்கள். சொல்லாததால்தான் உயிரோடு இருந்தவர்களும் உண்டு. இந்த நாட்டில் வாக்கு இரகசியம் என்று சட்டமே இருக்கிறது, அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம். தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம். உண்மையையும் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒன்றும் குறையாது, என் அண்ணைக்கு நான் ஒரு துரோகமும் செய்யவில்லை என்று ஆகும். ஆனால் என் அம்மாவுக்குப் பால் விட்டவளுக்கு உலகத்தில் மிச்சமிருப்பது ஒரேயொரு தமையன். குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. இவர் கதவுக்கு வந்து, ஈரக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் மச்சாள்," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பஸ் போகும் சத்தம் கேட்டது. யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.

"எனக்குத் தெரியும், அண்ணை அப்பிடிச் செய்யமாட்டார். பரவாயில்லை. நீர் இப்ப அந்த நாட்டு ஆள்தானே. உங்கட வீட்டுக்கு எது நல்லமெண்டு பாத்துத்தானே போட்டிருப்பீர்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அண்ணையிட்டக் குடும்," என்றாள்.

நான் தொலைபேசியை நீட்டினேன். இவர் வாங்கவில்லை. வாயைத் திறந்தார், என்னவோ சொல்லப்போனார். நான் தலையை ஆட்டி, கையில் வைத்து அழுத்தினேன். ஓம் பிள்ளை, சாப்பிட்டியோ என்று இவர் கேட்பது கேட்டது. அதற்குப் பிறகு குரல் உடைந்தது. நான் அங்கே நிற்காமல் வெளியே வந்து வாசல் படியில் இருந்தேன். முன் வீட்டுக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார், கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். இந்த வீதிக்கு நாங்கள் வந்து பதினாறு வருடம். அவர் போன கிழமைகூட என்னிடம், உங்கள் சொந்த இடம் எது என்று கேட்டார். இந்த நாட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது. சத்தியம் செய்து பிரஜையான அன்று சுங்கத்தில் எனக்குப் பழக்கமான ஒருத்தி கேட்டாள், டோனா கேட்டார், பல்வைத்தியர் கேட்டார். இந்த ஊர்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள். இல்லை, உண்மையாக எந்த ஊர் என்று திரும்பக் கேட்பார்கள். நான் இந்த நாட்டு ஆள் என்பதை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிய முதல் மனுசி ஊர்காவற்றுறையில் இருக்கிறாள்.